சகலை எடுத்த சிரிப்பு

என் மனைவிக்கு வாயில் இருபத்தேழு சொந்தப் பல், ஒரு கட்டிய பல். கட்டியது நான். மேல் வரிசை, இடப்பக்கம், நாலாவது.

அந்த ஒரு பல்லுக்குப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன். பல்லின் வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டு. அவளுடையது ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவில் இருந்தது. காலை வெளிச்சத்தில் ஒரு தடவை, மத்தியான வெளிச்சத்தில் ஒரு தடவை, அவள் கோபமாக இருக்கும்போது ஒரு தடவை என்று ஒப்பிட்டுப் பார்த்து நிறம் கலந்தேன். பொருத்தி முடித்த பிறகு எது கட்டிய பல் என்று பல் டாக்டரே விளக்கைப் போட்டுத் தேடினார். கடைசியில் பக்கத்துப் பல்லைத் தட்டி, "அருமையான வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அந்தப் பல் தெரிய அவள் வாய்விட்டுச் சிரிக்கும் படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை எடுத்தவன் என் சகலை.

சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன். உலகத்தில் உள்ள உறவுகளிலேயே ஆபத்தானது அதுதான். அண்ணன் தம்பி என்றால் ஒரே வயிற்றில் பிறந்தோம் என்று விட்டுக்கொடுக்கலாம். மச்சான் என்றால் பெண் கொடுத்தவன் என்று பொறுத்துக்கொள்ளலாம். சகலை அப்படியில்லை. ஒரே கடையில், ஒரே சரக்கை வாங்கிய இரண்டு பேர். யாருக்கு நன்றாக அமைந்தது என்று சாகும்வரை ஒருவர் தோளுக்கு மேலே மற்றவர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

என் சகலை முப்பத்துநாலு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஐம்பது பேர் ஏற வேண்டிய பஸ்ஸில் நூற்று முப்பது பேரை ஏற்றி, அதில் நூறு பேரை உட்காரவும் வைத்திருப்பதாகச் சொல்லுவான். நான் நம்புகிறேன். அவன் வீட்டு முன்னறையில் இன்றைக்கும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறான். என்னைவிட இரண்டு வயது சின்னவன். தலையில் முடி அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

நான் பல்செட் கட்டுபவன். மூன்று டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவர்களில் ஒருவருடைய கிளினிக்குக்குப் பின்னால் உள்ள அறையில் உட்கார்ந்து, மெழுகு உருக்கி, பல் பதித்து, அரைத்து, மெருகேற்றிக் கொடுப்பேன். அலமாரி முழுக்க பிளாஸ்டர் தாடைகள். 'பேங்க் மேனேஜர் மேல்', 'பாட்டு டீச்சர் கீழ்' என்று பென்சிலால் எழுதி வைத்திருப்பேன். தெருவில் யாராவது நின்று "சௌக்கியமா?" என்று கேட்டால் எனக்கு ஆள் அடையாளம் தெரியாது. கொஞ்சம் சிரித்தார்கள் என்றால் உடனே தெரிந்துவிடும். நான் கட்டிய ஒரு செட்டு, அதன் சொந்தக்காரர் தூங்கும்போது தம்ளரில் இருந்தபடியே பக்கத்து வீட்டு நாயைப் பார்த்துச் சிரித்தது. நாய் வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

"அண்ணே, கையை நீட்டுங்க" என்றான்.

நீட்டினேன். எதையோ வைத்தான்.

"என்ன இது? மிட்டாய் டப்பாவா?"

"கேமரா."

"மீதி எங்கே?"

"மீதியெல்லாம் கிடையாது. இவ்வளவுதான்."

தீப்பெட்டியில் பாதிதான் இருந்தது. கறுப்பு. முன்னால் கடுகு மாதிரி ஒரு கண்ணு, பின்னால் தபால்தலை மாதிரி ஒரு திரை.

"போன்லயே கேமரா இருக்கே, இது வேற எதுக்கு?"

"போனைத் தூக்கினா எல்லாரும் உஷாராயிடுவாங்க. வயித்தை உள்ளே இழுப்பாங்க, முகத்தைச் செஞ்சுக்குவாங்க. இதைக் கையில மூடி வச்சுக்கிட்டா யாருக்கும் தெரியாது. டிக்கெட் கிழிக்கிற மாதிரி, பேசிக்கிட்டே அமுக்கிட வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு என் மனைவியிடம் திரும்பினான்.

"அண்ணி, ஒரு நாள் ஒருத்தர் வண்டியில ஏறினார். எங்கே போகணும்னு கேட்டேன். 'ஒரு நிமிஷம் இருங்க'ன்னு போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். 'ஏம்மா, நான் எங்கே போறேன்?'னு கேட்டார். அந்தம்மா ஏதோ சொன்னாங்க. உடனே போனை வச்சுட்டு 'என்னை இறக்கி விட்டுடுங்க, நான் எங்கேயும் போகலையாம்'னார்."

என் மனைவி சிரித்தாள். கையில் கரண்டி இருந்ததை மறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கண் இரண்டும் கோடாகிப் போகும்படி சிரித்தாள். 'டிக்' என்று ஒரு சத்தம்.

"அசையாதே" என்றேன் நான். "அந்தக் கீழ்ப் பல்லோரத்துல ஏதோ மஞ்சளா இருக்கு."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம் சகலை அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டமும் போட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவள் அதை வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். அங்கே அதுவரை இருந்த எங்கள் கல்யாணப் படம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் போனது. தண்ணீர் எடுக்கப் போனால் அந்தச் சிரிப்பு. பால் எடுக்கப் போனால் அந்தச் சிரிப்பு. அதில் என் பல் ஜொலிக்கிறது. என் பல்! அவன் படம்! எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் ஃப்ரிட்ஜுக்குள் இருந்த தயிர் இரண்டு தடவை புளித்துவிட்டது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் அப்படிச் சிரிக்க வேண்டும். அதை நான் எடுக்க வேண்டும். அது ஃப்ரிட்ஜ் மேல் இருக்க வேண்டும். அவனால் முடிவது முப்பத்தொன்பது வருடம் கூடவே குடித்தனம் நடத்தியவனுக்கு முடியாதா?

அதே கேமராவை, அதே கறுப்பில், ஆன்லைனில் வரவழைத்தேன். செருப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டி வந்தது. அதற்குள் ஒரு பெட்டி. அதற்குள் இன்னொன்று. அரை மணி நேரம் பிரித்தோம். கடைசியில் கேமரா மேஜையில் உருண்டு விழுந்தபோது அதைத் தூசி என்று நினைத்து என் மனைவி துணியால் தள்ளப்போனாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"பெட்டி நல்லா இருக்கு."

அன்றே ஆரம்பித்தேன்.

"சிரி."

"எதுக்கு?"

"படம் எடுக்கணும்."

"எடுங்க."

"சிரிச்சாத்தானே எடுக்க முடியும்?"

"சிரிச்சிட்டுத்தானே இருக்கேன்."

உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். வாசலில் யாரோ பொருள் விற்க வந்தால் "வேண்டாம்" என்று சொல்லும் முகம். நானும் ஜோக் சொல்லிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஜோக்குகள் எல்லாம் ஈறு சம்பந்தப்பட்டவை. ஒரு வாரத்தில் அறுபத்துமூன்று படம். ஒரு படத்தில்கூட ஒரு பல்லும் இல்லை.

கேமராவில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக, அந்த ஆன்லைன் கடையின் வலைப்பக்கத்தில் 'வாங்கியவர்கள் கருத்து' என்று இருந்ததைத் திறந்தேன். இருநூற்றுப் பதினாலு கருத்து. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கிளினிக்குப் பின்னறையில், பிளாஸ்டர் காயும் நேரத்தில் எல்லாவற்றையும் படித்தேன்.

'சிறியது என்றார்கள். இவ்வளவு சிறியது என்று சொல்லவில்லை. தொலைந்துவிட்டது. ஒரு நட்சத்திரம்.'

அதே ஆள் மறுநாள்: 'கிடைத்துவிட்டது. சட்டைப்பையில்தான் இருந்தது. நான்கு நாளாக என் சட்டைப்பையின் உட்புறத்தை எடுத்திருக்கிறது. படங்கள் தெளிவாக உள்ளன. ஐந்து நட்சத்திரம்.'

'மாத்திரை என்று நினைத்து என் மாமனார் விழுங்கிவிட்டார். உள்ளே போகும் வழியில் பன்னிரண்டு படம் எடுத்திருந்தது. அவருடைய குடல் டாக்டர் அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பேட்டரி நீண்ட நேரம் நிற்கிறது.'

'மனைவிக்காக வாங்கினேன். மனைவி பிரிந்து போய்விட்டார். கேமரா என்னிடம் இருக்கிறது. கேமரா பரவாயில்லை.'

இப்படி நூற்றுத் தொண்ணூறாவது கருத்து வரைக்கும் வந்தேன். நூற்றுத் தொண்ணூற்றொன்றாவதை எழுதியவர் பெயர் 'பின்படிக்கட்டு'. ஐந்து நட்சத்திரம்.

'முப்பத்துநாலு வருடம் பேருந்தில் வேலை செய்தவன் நான். கூட்டத்தில் முகம் பார்ப்பது பழக்கம். இந்தக் கேமரா கைக்குள் அடங்குகிறது. மாதிரிக்கு ஒரு படம் இணைத்திருக்கிறேன். இவர் என் மனைவியின் அக்கா. பொதுவாகச் சிரிக்க மாட்டார்.'

கீழே என் மனைவி, கரண்டியோடு.

'இந்தக் கருத்து உதவியாக இருந்தது' என்று நானூற்றுப் பதினெட்டுப் பேர் சொல்லியிருந்தார்கள். நானூற்றுப் பதினெட்டு! என் மனைவி சிரிப்பதால் இவர்களுக்கு என்ன உதவி? பொதுவாகச் சிரிக்க மாட்டாராம்! இவன் யார் அதைச் சொல்ல? அதற்கும் கீழே ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். 'என்ன ஒரு சிரிப்பு!' 'பார்த்ததும் நானும் சிரித்துவிட்டேன்.' 'அம்மாவின் பல்வரிசை முத்து.' அந்தக் கடைசி ஆளுக்கு மட்டும் என்னால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. 'நாலாவது பல் நான் கட்டியது' என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: 'ஐயா, இது கேமரா பற்றிய பக்கம்.'

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியது மாதிரி ஆகிவிட்டது. நானும் ஒரு கருத்து எழுதினேன். பெயர் கேட்டது. சகலை என்னைக் கிண்டலாகக் கூப்பிடும் பெயர் 'பல்லவர்'. அவசரத்தில் அதையே போட்டுவிட்டேன்.

'ஒரு நட்சத்திரம். இந்தக் கேமராவில் மனைவி சிரிப்பதில்லை. மற்றவர் கேமராவில் சிரிக்கிறார். தயாரிப்பில் ஏதோ பாரபட்சம் இருக்கிறது. வாங்குபவர்கள் யோசிக்கவும்.'

மூன்று நாள் கழித்துப் பார்த்தேன். இரண்டு பேருக்கு உதவியாக இருந்திருந்தது. அதில் ஒருவர் நான். இன்னொருவர் கை தவறி அமுக்கியிருக்க வேண்டும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பல்செட் விஷயத்தில் இது அடிக்கடி நடக்கும். ஒரே நாளில், ஒரே மெழுகில், ஒரே கையால் இரண்டு செட்டு கட்டுவோம். ஒன்று வாயில் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். இன்னொன்று கடைசிவரை கடிக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கேமராவும் அப்படித்தான். அவனுக்கு நல்ல செட்டு போயிருக்கிறது. எனக்குக் கடிக்கிற செட்டு வந்திருக்கிறது. மாற்றிவிட்டால் தீர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கை கழுவப் போன நேரத்தில், மேஜை மேல் இருந்த அவன் கேமராவை என் பையில் போட்டேன். என் கேமராவை அங்கே வைத்தேன். என் மச்சினி சமையலறையில் இருந்து வந்தாள்.

"என்ன மாமா, முகமெல்லாம் வேர்க்குது? ஃபேனைப் போடட்டுமா?"

"சாப்பாடு காரம்."

"இன்னும் சாப்பிடவே இல்லையே!"

"வாசனையே காரமா இருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்து அவன் கேமராவைத் திறந்தேன். உள்ளே அவன் எடுத்த படங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. சின்ன அட்டை ஒன்று உள்ளே இருக்கும், படமெல்லாம் அதில்தான் இருக்கும், அதை மாற்றி வைக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. செட்டை மாற்றினால் சிரிப்பும் கூடவே வந்துவிடும் என்று பழகியவன் நான்.

இருநூறு படத்துக்கு மேல். அதில் என் மனைவி பதினோரு படத்தில் இருந்தாள். பதினொன்றிலும் சிரித்தாள். தங்கை தலைக்கு எண்ணெய் வைக்கும்போது சிரிக்கிறாள். மாடிப்படியில் உட்கார்ந்து சிரிக்கிறாள். துணி மடிக்கும்போது, மடித்த துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் பின்னறையில் யாருடைய கீழ்த்தாடையையோ அரைத்துக்கொண்டிருந்த காலையெல்லாம் இவள் அங்கே சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குச் சொல்லவே இல்லை. ஒரு மனிதனுக்கு ரகசியமாகப் பிள்ளைகள் இருப்பது தெரியவந்தால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படி இருந்தது. பதினோரு பிள்ளைகள்.

அந்தக் கேமராவை வைத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"சிரி."

உதட்டை மூடிக்கொண்டாள்.

நல்ல செட்டும் கடித்தது.

மாலையில் போன் வந்தது. சகலை. பக்கத்தில் மச்சினியும் இருக்கிறாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது.

"அண்ணே, கேமரா மாறிப்போச்சு போல."

"அப்படியா? ஒரே மாதிரி இருக்குல்ல, கவனிக்கல."

"அது பரவால்ல. உள்ளே என்னமோ படம் இருக்குன்னு பார்த்தோம். அண்ணே... கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. இது யாரு?"

"யாருன்னா? உங்க அண்ணிதான். அறுபத்துமூணு படம்."

"எல்லாம் வாய்தானே இருக்கு?"

மச்சினி போனை வாங்கிவிட்டாள். "மாமா, அக்கா எங்கே? மூக்குக்கு மேலே ஒண்ணுமே இல்ல! நான் ஏதோ ஆஸ்பத்திரி படம்னு நினைச்சு பயந்துட்டேன்."

"வாய் இல்லாம சிரிப்பு எங்கேருந்து வரும்?" என்று கேட்டேன்.

மறுபக்கத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவனுக்கு மேல்வரிசையில் கடைசிப் பல் இல்லை, சத்தத்திலேயே தெரியும். போனை வைத்துவிட்டேன். திரும்பினால் என் மனைவி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"யாருங்க போன்ல?"

"யாருமில்ல."

"யாருமில்லாதவங்க அவ்வளவு சத்தமா சிரிக்கிறாங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு நாள் கழித்து, என் கருத்துக்கு இன்னும் யாராவது உதவி பெற்றிருக்கிறார்களா என்று பார்க்கலாம் என்று கிளினிக்குப் பின்னறையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இருநூற்றுப் பதினாறு கருத்து. கடைசியாக எழுதியவர் பெயர்: பல்லவர்.

நான் எழுதவில்லை. இன்னொரு பல்லவர் எங்கிருந்து முளைத்தார் என்று பார்த்தேன். எங்கள் வீட்டுக் கணக்கேதான். அதன் பாஸ்வேர்டு ஒரு தாளில் எழுதி சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. அதைத் திறப்பது இரண்டே பேர். ஒருவர் நான்.

'மூன்று நட்சத்திரம். கேமரா நல்ல கேமராதான். சின்னதா இருக்கு, துடைக்கச் சுலபம். எங்க வீட்டுக்காரர் பல் கட்டுறவர். கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷமா நான் சிரிச்சா அவர் வாய்க்குள்ள எட்டிப் பார்ப்பார். அசையாதே, கறை இருக்கு, ஈறு வீங்கியிருக்கு, அந்தப் பல் ஆடுதான்னு கேப்பார். எங்க மாமியார் செத்தப்போ நான் வாய்விட்டு அழுதேன். அப்பவும் கடைவாய்ல குழி இருக்குன்னு சொன்னார். அவர் கேமராவைத் தூக்கினா எனக்கு டாக்டர் வீட்டு நாற்காலில உட்கார்ந்த மாதிரி இருக்கு. யாராவது அங்கே உட்கார்ந்துக்கிட்டு சிரிப்பாங்களா? என் தங்கை புருஷன் என் முகத்தைப் பார்த்துப் பேசுறார். அதுல கேமராவுக்குப் பெருமை ஒண்ணும் இல்ல. நான் ரெண்டு நட்சத்திரம் குறைச்சது கேமராவுக்கு இல்ல.'

தொள்ளாயிரத்து இரண்டு பேருக்கு உதவியாக இருந்தது.

முதலில் எனக்கு அந்த எண்ணிக்கைதான் கண்ணில் குத்தியது. ஒரே பெயர், ஒரே கணக்கு. எனக்கு இரண்டு, அவளுக்குத் தொள்ளாயிரத்து இரண்டு. அப்புறம் மறுபடி படித்தேன். குழி இருந்தது உண்மை. பிறகு நான்தானே டாக்டரிடம் கூட்டிப் போய் அடைக்க வைத்தேன் என்று எனக்குள் நியாயம் பேசிப் பார்த்தேன். மூன்றாம் தடவை படித்தபோது நியாயம் வரவில்லை. எதிரே அலமாரியில் நாற்பது தாடைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் கண் கிடையாது. ஊரில் நான் அடையாளம் தெரிந்து வைத்திருப்பதெல்லாம் இவ்வளவுதான் என்று அப்போது பட்டது.

மறுநாள் காலை, சமையலறை மேஜையில் அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சகலை அதற்குள் என் கேமராவைத் திருப்பிக் கொடுத்து அவனுடையதை வாங்கிப் போயிருந்தான். நான் எதிரே போய் உட்கார்ந்தேன். கண்ணாடி இருந்தால் பல்தான் தெரியும். வேறு எங்கே பார்க்க முயன்றாலும் கண் வழுக்கி அங்கேதான் போய் விழும். அதனால் கண்ணாடியைக் கழற்றிப் பீன்ஸ் தட்டுக்குள் வைத்தேன்.

கண்ணாடி இல்லாமல் எனக்கு மேஜைக்கு அந்தப்பக்கம் உலகம் கிடையாது. அவள் இருந்த இடத்தில் நீலமாக ஒரு மேகம்.

"கண்ணாடியை ஏன் கழட்டினீங்க?"

"உன்னைப் பார்க்கத்தான்."

"பார்த்தா தெரியுதா?"

"தெரியல."

"அப்புறம் எதுக்கு?"

"இருக்கட்டும். நீ பேசு. நான் எடுக்கிறேன்."

"நான் இந்தப் பக்கம் இருக்கேன். நீங்க பார்க்கிறது கேலண்டரை."

மேகத்தைத் தேடித் திரும்பினேன். கேமராவை முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இப்போ சரியா?"

"என்னங்க..."

"அசையாதே."

"இல்லைங்க, நீங்க அதை..."

"சும்மா இரு. நான் எங்கே இருக்கேன்னு தெரியும், நீ எங்கே இருக்கேன்னும் தெரியும்."

"அட, அதைத் திருப்பி..."

அமுக்கினேன். என் கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. பிளாஷ். அந்தக் கேமராவுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதைக் கண்ணாடி போட்டவர்களே தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் அதைத் திருப்பிப் பிடித்து என்னையே எடுத்திருக்கிறேன்.

மேகம் சிரித்தது. முதலில் மூக்கால் ஒரு சத்தம், அப்புறம் மேஜையில் கையால் அடித்துக்கொண்டு, அப்புறம் மூச்சு வாங்கி, மறுபடி முதலில் இருந்து. மாடி வீட்டுக்காரர் என்னமோ ஆகிவிட்டது என்று இறங்கி வந்து, கதவருகே நின்று, காரணம் தெரியாமலே பத்து நிமிடம் சேர்ந்து சிரித்துவிட்டு, வந்த காரியத்தை மறந்து ஆபீசுக்குப் போய்விட்டார். நான் கண்ணாடியைத் தேடித் துழாவினேன். கிடைத்ததெல்லாம் பீன்ஸ். மாட்டிக்கொண்டபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு முடிந்துவிட்டிருந்தது. எனக்குப் படம் கிடைக்கவில்லை.

கிடைத்தது நான்தான். சின்னத் திரையில் ஒரு கிழவன். கண் இரண்டும் முழி பிதுங்கி, வாய் பாதி திறந்து, வெளிச்சத்தில் மூக்கு மட்டும் தனியாக ஜொலிக்க, எதையோ அப்படி ஒரு ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. அழிக்கப் போனேன். அவள் அதை என் கையில் இருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அழிச்சீங்கன்னா தெரியும்!"

சகலையிடமே கொடுத்து அதைப் பெரிதாகப் பிரிண்ட் போடச் சொன்னாள். அவனும் கொண்டுவந்தான். கொடுக்கும்போது என் கையில் கொடுக்காமல் அவள் கையில் கொடுத்தான். "அண்ணே, இந்தப் படத்தை நான் எடுத்திருந்தேன்னா கருத்துல போட்டிருப்பேன்" என்றான். முகம் கொஞ்சம் சுருங்கித்தான் இருந்தது. எனக்கு அது இனித்திருக்க வேண்டும். இனிக்க நேரம் இல்லை, ஏனென்றால் அப்போதே வேறு தொல்லை ஆரம்பித்துவிட்டது.

அவள் அந்தக் கிழவனைச் சமையல் மேடையில், தாளிக்கும் இடத்துக்கு எதிரே, சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டாள். காலையில் பால் காய்ச்சும்போது அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். வெங்காயம் நறுக்கும்போது அழுதுகொண்டே சிரிக்கிறாள். "என்ன, உப்பு சரியா இருக்கா?" என்று அவனிடம் கேட்கிறாள். என்னிடம் உப்பைப் பற்றி முப்பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவை கேட்டதில்லை. நான் கிளினிக்கில் இருந்து வரும் சத்தம் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். நான் இல்லாத நேரத்தில் இரண்டு பேரும் என்ன செய்கிறார்களோ?

நேற்று மத்தியானம் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போனேன். கையும் களவுமாகப் பிடித்தேன். முந்தானையால் அவன் மூக்கில் தெறித்திருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவன்கிட்ட அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"எவன்கிட்ட?"

"இவன்தான். இந்தப் பிதுங்கின முழியன்."

"மரியாதையா பேசுங்க. அவர் என்னையே பார்த்துக்கிட்டு இருக்கார்."

"அவனுக்குக் கண்ணே தெரியாது! கண்ணாடி இல்ல!"

"தெரியாமலேதான் பார்க்கிறார்" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் முகத்துக்கு நேரே, அவனுக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, முழுச் சிரிப்பு. கேமரா என் சட்டைப்பையில்தான் இருந்தது. மூக்குக்கண்ணாடியும் மூக்கில்தான் இருந்தது. எத்தனை பல் தெரிந்தது, கறை இருந்ததா, நாலாவது எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் தோளுக்கு மேலே நான் அந்தப் பயலை முறைத்துக்கொண்டிருந்தேன்.